தட்டில் மிஞ்சிய வெட்கம்

பதினொன்றாம் மேஜையில் இருந்த ஜெர்மானியர் திடீரென்று எழுந்து நின்றார்.

கையை நெஞ்சில் வைத்தார்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்... சொல்லவில்லை. நெத்திலி வறுவல் தட்டின் மேலேயே முகம் குப்புற விழுந்தார்!

கண்ணாடிக் கோப்பை ஒன்று உருண்டு தரையில் விழுந்து சிதறியது. பக்கத்து மேஜைப் பெண் வீறிட்டாள்.

ஸ்பெயினின் மலாகா கடற்கரை. ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு. மத்தியானம் மூன்று மணி. 'உடைந்த நங்கூரம்' உணவகத்தின் நாற்பது மேஜைகளும் நிரம்பி, வெளியே வெயிலில் இன்னும் இருபது பேர் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மணல் நிரப்பிய பழைய படகில் நெருப்பு போட்டு, குச்சியில் கோத்த மத்தி மீனைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை எல்லார் கண்ணிலும் ஏறியது.

எல்லோரும் விழுந்தவரைப் பார்த்தார்கள்.

ஒருவர் மட்டும் பார்க்கவில்லை.

நிக்காசியோ. வயது ஐம்பத்தெட்டு. அங்கே இருபத்தாறு வருடமாகப் பரிமாறுகிறவர். அவர் பார்த்தது, ஜெர்மானியரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரப் பலகையில் இருந்த தட்டை.

தட்டு காலி!

ஆறு நிமிடம் முன்னால் அதில் ஒரு குரோக்கெட்டா இருந்தது. பாலும் மாவும் இறைச்சியும் சேர்த்துப் பொரித்த உருண்டை. அந்த உருண்டைக்குள் விஷம் இருந்தது.

வைத்தவர் நிக்காசியோ.

'ஐயோ... ஆள் மாறிப்போச்சே!'

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒயினோடு கொறிக்கிற தப்பாஸ் என்றால் நடுவில் ஒரு தட்டு, சுற்றிலும் ஐந்தாறு கை. தட்டில் ஐந்து உருண்டை பறந்துவிடும். ஆறாவதை மட்டும் ஒரு பயல் தொடமாட்டான். 'நீ எடுத்துக்க', 'சேச்சே, நீ எடு' என்று உபசாரம் நடக்கும். உபசாரத்திலேயே அது ஆறிப்போகும். அதற்குப் பெயரே 'வெட்க உருண்டை'. எடுத்தால் மானம் போய்விடுமாம்!

அந்த வெட்கம் இல்லாத ஒரே ஆள் முதலாளி லெயாந்த்ரோ. திரும்பி வரும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் கடைசி உருண்டையைப் பொறுக்கி, மூடி போட்ட ஒரு டப்பாவில் போடுவார். டப்பா குளிர்ப்பெட்டிக்குப் போகும்.

"மொதலாளிக்கு ராத்திரிச் சாப்பாடு ரெடி" என்று வேலைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

நிக்காசியோவும் அப்படித்தான் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் இன்றைக்குத் துணிந்தார்.

பத்தாம் மேஜைக் குடும்பம் ஒரு உருண்டையை வழக்கம்போல விட்டுவிட்டு எழுந்து போனது. நிக்காசியோ பல்குச்சியால் அதில் ஒரு துளை போட்டார். செத்துப்போன மனைவியின் இதய மாத்திரைகளைப் பொடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அந்தப் பொடியைத் துளைக்குள் திணித்தார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்... லெயாந்த்ரோ நிற்கிற இடத்துக்கு!

அதற்குள் பன்னிரண்டாம் மேஜையிலிருந்து ஒரு கூச்சல். "ஒயின் கேட்டு எத்தனை நேரம்யா ஆச்சு?"

தட்டைப் பலகையில் வைத்துவிட்டு ஒயின் எடுக்க ஓடினார். இருபத்தாறு வருடத்தில் அடுத்தவர் விட்டுப்போன வெட்க உருண்டையைச் சாப்பிட வந்தவர் யாரும் தொட்டு அவர் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான்.

ஆனால் வெளிநாட்டுக்காரர்கள்? பக்கத்து நகரமான கிரனாடாவில் குடித்தால் கொறிக்க இலவசமாக வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு வந்து, பக்கத்தில் எதை வைத்தாலும் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிற ஜாதி. பாவி மனுஷன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்!



லெயாந்த்ரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அறுபது வயது. தங்கச் சங்கிலி. வாய் நிறையச் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... வெயில்தான். எல்லாரும் சாப்பிடுங்க." சிரிப்பு மாறாமலே பரிமாறுகிறவர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய் ஸ்டோர் ரூம்ல படுக்க வைங்க. நிக்கா, ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? பதினாலுக்குத் தட்டு ரெடியா இருக்கு. கொண்டு போ."

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும் மொதலாளி..."

"கூப்பிடலாம். இந்தக் கூட்டம் ஒரு சுத்து முடியட்டும். சைரன் சத்தம் கேட்டா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவான்."

நிக்காசியோவுக்கு நினைவு வந்தது. இதே சிரிப்பு. போன வருடம்... இதே ஆகஸ்ட்... இதே ஸ்டோர் ரூம்.

கால்கள் தானாக நடந்தன. பதினாலாம் மேஜைத் தட்டை எடுத்தார். கொண்டுபோய் வைத்தார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் தூக்கிக்கொண்டு போகிற ஜெர்மானியரின் தொங்குகிற கை மேல்தான்.

திரும்பி வந்தவர் நேராகக் கல்லாப் பக்கத்துத் தொலைபேசியை எடுத்தார். அவசர எண்ணை அழுத்திக் கிசுகிசுத்தார்.

"ஒருத்தர் விழுந்துட்டாரு. உடைந்த நங்கூரம். சீக்கிரம் வாங்க."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"விஷம்..."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சட்டென்று வைத்துவிட்டார்.

ஒன்பதாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது. ஜெர்மானியரை அள்ளிப்போட்டுக்கொண்டு பறந்தது. அது போன கையோடு போலீஸ் வண்டி வந்தது.

இன்ஸ்பெக்டர் ஹெனொவேவா இறங்கினாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கிராப்பு. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். சமையலறை வாசலில் கடை ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"போன் பண்ணது யாரு?"

ஹெனொவேவா வரிசையை ஒரு தரம் கண்ணால் அளந்தாள்.

"வெயில்ல மயக்கம் போட்டவரப் பார்த்து யாரும் 'விஷம்'னு சொல்ல மாட்டாங்க. கிசுகிசுன்னு ஒரு குரல். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலயாம். சொல்லுங்க, யாரு?"

லெயாந்த்ரோ முந்திக்கொண்டார். "விஷமா? அப்ப சமையக்காரியக் கேளுங்க மேடம். இதோ நிக்கிறாளே பிரிஹிதா. காலையில எல்லார் முன்னாடியும் என்னப் பார்த்து, 'உன் சோத்துல எலி மருந்து வைக்கிறேன் பாரு'ன்னு கத்துனா."

பிரிஹிதா முகம் வெளிறிப்போனாள். நாற்பத்தைந்து வயது. கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"கோவத்துல சொன்னேன் மேடம். அடுப்படியில வெந்து சாகறோம், ஒரு ஃபேனாவது போடுய்யான்னு ஒரு மாசமா கெஞ்சறேன். சிரிச்சுட்டே போறாரு. வாய் தவறி வந்துடுச்சு."

"அந்த ஆள் சாப்பிட்டது எல்லாம் நீங்க பண்ணதுதானே?"

"எல்லார் சாப்பிட்டதும் நான் பண்ணதுதான்."

"கையைக் கழுவிட்டு வாங்க. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

பிரிஹிதா சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை நிக்காசியோ மேல் வந்து நின்றது.

"நிக்காசியோ, நீங்களாவது சொல்லுங்களேன். ஈ அடிக்கறதுக்கே யோசிக்கறவ நான்..."

சும்மா இருந்தால் போதும்!

யாருக்கும் தெரியாது. யாரும் பார்க்கவில்லை. பிரிஹிதா வண்டியில் ஏறுவாள். நிக்காசியோ சாயங்காலம் வீட்டுக்குப் போவார், மனைவி பியெதாத்தின் படத்துக்கு முன்னால் உட்காருவார்...

எந்த முகத்தோடு உட்காருவது?

"விடுங்க மேடம் அவளை" என்றார். "நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"போன் பண்ணதும் நான்தான். விஷம் வெச்சதும் நான்தான். ஒரு குரோக்கெட்டாவுக்குள்ள வெச்சேன். அந்த ஜெர்மன்காரருக்கு இல்ல... இவருக்கு."

விரல் லெயாந்த்ரோவைக் காட்டியது. லெயாந்த்ரோவின் சிரிப்பு முதல் முறையாகக் காணாமல் போனது.

"எனக்கா? இருபத்தாறு வருஷம் சோறு போட்டதுக்கா?"

ஹெனொவேவா கையை உயர்த்தி அவரை அடக்கினாள். "நீங்க சொல்லுங்க. ஏன்?"

"என் பொண்டாட்டி பியெதாத். இங்கதான் பாத்திரம் கழுவுனா. போன ஆகஸ்ட்ல, இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கெழம, அடுப்புச் சூட்டுல விழுந்துட்டா. ஸ்டோர் ரூம்ல படுக்க வெச்சாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், நீ போய் மேஜையப் பாருன்னாரு. நாப்பது நிமிஷம் மேடம். ஆம்புலன்ஸுக்கு யாரும் சொல்லவே இல்ல. கூட்டம் கலைஞ்சிடுமாம்."

"கம்ப்ளைண்ட் குடுக்கலயா?"

நிக்காசியோ தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னன்னு குடுக்கறது? அந்த நாப்பது நிமிஷமும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? தட்டு தூக்கிட்டிருந்தேன். அவ பத்தடி தள்ளிப் படுத்திருக்கா... நான் மத்தி மீன் பரிமாறிட்டிருக்கேன். உள்ள போய் ஒரு தரம் அவ கையப் பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். போகல. இவரைக் கொன்னா அது கொறையும்னு நெனச்சேன். இப்ப யாரோ ஒரு அப்பாவிய..."

பிரிஹிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு கான்ஸ்டபிள் நிக்காசியோவின் வலது கையில் விலங்கை மாட்டினான்.

இடது கைக்குப் போகும்போது ஹெனொவேவாவின் போன் அடித்தது.

"சொல்லுங்க டாக்டர்... என்னது? நல்லாத் தெரியுமா?... கொஞ்சம் இருங்க, அவர்கிட்டயே ஒண்ணு கேளுங்க. பக்கத்துல இருந்த தட்டுலேருந்து ஒரு உருண்டை எடுத்தாரான்னு..."

கேட்டாள். புருவம் உயர்ந்தது. வைத்தாள்.

"நிக்காசியோ, உங்க ஜெர்மன்காரர் உட்கார்ந்து தண்ணி குடிக்கறாரு. விஷம் ஒண்ணும் இல்ல. தொப்பி போடாம வெயில்ல உட்கார்ந்து ரெண்டு ஜாடி ஒயின் குடிச்சிருக்காரு. உருண்டையா, நான் எடுப்பேனான்னு டாக்டர்கிட்டச் சண்டைக்குப் போறாராம். அவர் இந்த ஊர்ல பதினஞ்சு வருஷமா வீடு கட்டி இருக்காரு. அடுத்தவன் வெட்க உருண்டையத் தொடறதுக்கு நான் என்ன மானங்கெட்டவனான்னு கேக்கறாராம்."

நிக்காசியோ சுவரைப் பிடித்துக்கொண்டார். 'பிழைச்சான்... பிழைச்சான்!' அப்பாடா என்று மூச்சு விட்டவருக்குப் பாதியிலேயே மூச்சு நின்றது.

அப்படியென்றால்... தட்டு எப்படிக் காலியானது?

மெல்லத் திரும்பினார். லெயாந்த்ரோவைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. நிறமே மாறியிருந்தது.

"மொதலாளி... நீங்க அந்தப் பக்கம் போனீங்களா?"

"எந்தப் பக்கம்?"

"பலகையில ஒரு தட்டு இருந்துச்சு. அதுல இருந்ததை எடுத்தீங்களா?"

"நானா? நான் எதுக்குடா எச்சில் தட்டுல கை வைக்கிறேன்?" லெயாந்த்ரோ வெளியே பார்த்தார். பத்திருபது சுற்றுலாக்காரர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "கடை மொதலாளி நான். எச்சிலத் திங்கறேன்னு சொல்லி மானத்த வாங்காத."

"எல்லாருக்கும் தெரியும் மொதலாளி. டப்பாவும் தெரியும். பரவால்ல, சொல்லுங்க."

"தின்னல."

"லெயாந்த்ரோ..." இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் நிக்காசியோ. விலங்கு தொங்கும் கையால் முதலாளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். தின்னேன்னு ஒரு வார்த்த சொல்லு. நானே ஓடிப் போய் ஆம்புலன்ஸ் கூட்டிட்டு வரேன். இன்னொரு சாவு என் தலையில வேண்டாம். என்னால தாங்க முடியாது. சொல்லு."

"தின்னல, தின்னல, தின்னல. எத்தன தரம் சொல்றது?" லெயாந்த்ரோ உதறினார். "எடுத்தேன். ஆனா தின்னல."

"பின்ன?"

லெயாந்த்ரோ தரையைப் பார்த்தார்.

"பதினாலாம் மேஜைக்கு ஆறு கேட்டிருந்தாங்க. பிரிஹிதா நாலுதான் பொரிச்சிருந்தா. நேரமாச்சுன்னு... டப்பாவுல இருந்து ஒண்ணு... பலகையில இருந்தது ஒண்ணு..."



டப்பா, ராத்திரிச் சாப்பாடு இல்லை. டப்பா, அடுத்த தட்டு! இத்தனை வருடமாக வெட்கப்பட்டு விட்டுப்போன உருண்டை ஒவ்வொன்றும், திரும்ப ஒரு தட்டில் ஏறி, திரும்ப ஒரு மேஜைக்குப் போயிருக்கிறது.

பதினாலாம் மேஜைக்குக் கொண்டுபோனது யார்?

நிக்காசியோ. அவர் கையால்!

ஹெனொவேவா "நில்லுங்க" என்று சொல்வதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டார். ஒற்றைக் கை விலங்கு காற்றில் ஆட, நாற்காலிகளை இடித்துக்கொண்டு, ஒயின் ஜாடிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயது மனிதர் கடற்சுவர் ஓரத்து மேஜையைப் பார்த்து ஓடினார்.

அங்கே நான்கு பெண்கள். மீன் சந்தையில் முப்பது வருடம் கூவி விற்றுவிட்டு ஓய்வெடுத்தவர்கள். மாதம் ஒரு ஞாயிறு கூடிச் சாப்பிடுவார்கள். உள்ளே போலீஸ் வந்ததையெல்லாம் அவர்கள் சட்டை செய்யவில்லை. அவர்களுக்கு வேறு பிரச்சினை இருந்தது.

தட்டில் ஒரே ஒரு உருண்டை.

"எடுடி ஃபுவென்சாந்தா."

"நீ எடு சலூத். நீ ஒண்ணே ஒண்ணுதான் தின்ன."

"எனக்குச் சர்க்கரை இருக்கு."

"மூணு கோப்பை ஒயின் உள்ள போறப்ப அந்தச் சர்க்கரை எங்கடி போயிருந்துச்சு?"

"அது சுருங்கிப் போய் வேற கெடக்கு. பாக்கவே பாவமா இருக்கு."

"அதான் சொல்றேன். அர மணி நேரமா ஒத்தையில கெடக்குது." ஃபுவென்சாந்தா முள்கரண்டியை எடுத்தாள். ஒரே குத்து. "போதும்டி உங்க வெட்கம். நானே முழுங்கறேன்."

வாயைத் திறந்தாள்.

உருண்டை உதட்டருகே வந்தது...

தட்!

நிக்காசியோ அவள் கையில் ஓங்கி அடித்தார். முள்கரண்டி ஒரு பக்கம் பறந்தது. உருண்டை சுவரைத் தாண்டி மணலில் விழுந்தது. அதைக் கண்ட கடற்பறவை ஒன்று சர்ரென்று இறங்கியது. நிக்காசியோ சுவரேறிக் குதித்து, மணலில் குப்புற விழுந்து, உருண்டையைத் தன் நெஞ்சுக்கு அடியில் மூடிக்கொண்டார். பறவை அவர் முதுகில் இரண்டு கொத்து கொத்திவிட்டுப் போனது.

ஹெனொவேவா மூச்சிரைக்க வந்து நின்றாள். அவர் புரண்டு உட்கார்ந்து உருண்டையை நீட்டினார். அதன் பக்கவாட்டில் பல்குச்சித் துளை. துளையில் வெள்ளைப் பொடி.

"இதான் மேடம். இதேதான்." கண்ணீர் மணலோடு சேர்ந்து முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நான்தான் கொண்டாந்து வெச்சேன். யாருக்கு வைக்கிறோம்னுகூடப் பார்க்கல. அன்னிக்கும் இப்படித்தான் மேடம்... கண்ணுல எதுவும் படாம தட்டு தூக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஹெனொவேவா அவரை எழுப்பி நிறுத்தினாள். மணலைத் தட்டிவிட்டாள்.

"இன்னிக்குப் பார்த்தீங்க. எழுத வேண்டியதை எழுதத்தான் செய்வேன். ஓடி வந்து தட்டிவிட்டதையும் சேர்த்து எழுதுவேன்."

சுவருக்கு மேலிருந்து ஃபுவென்சாந்தா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா நடக்குது இங்க? நானே மனசத் தேத்திக்கிட்டு ஒரு வாய் வைக்கப் போனேன்..."

"அதுல விஷம் இருந்துச்சும்மா. வேற மேஜையில மிச்சமானது. தெரியாம உங்களுக்கு வந்துடுச்சு."

ஃபுவென்சாந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யோசித்தாள். மீன்காரி மூளை, கணக்குப் பிசகாது.

"இது மிச்சம்னா... நாங்க தின்ன மத்த அஞ்சு?"

எல்லோரும் லெயாந்த்ரோவைப் பார்த்தார்கள். அவர் கான்ஸ்டபிளின் தோளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"நாலு புதுசு" என்றார். "சத்தியமா நாலு புதுசு."

"அஞ்சாவது?"

லெயாந்த்ரோ கடலைப் பார்த்தார்.

"மேடம், கொலைகாரன் அவன். அவனைக் கூட்டிட்டுப் போங்க. என் கடைய நான் பாத்துக்கறேன்."

"அவர் வராரு. நீங்களும் வாங்க. போன வருஷத்து நாப்பது நிமிஷத்தப் பத்தி உங்ககிட்ட நெறையக் கேக்கணும். அதுக்கு அப்புறம் டப்பா."

அதற்குள் ஃபுவென்சாந்தா குனிந்து காலிலிருந்த மரச் செருப்பைக் கழற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த சலூத்தும் கழற்றினாள். மற்ற இருவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள்.

கான்ஸ்டபிள் பதறினான். "மேடம், தடுக்கட்டுமா?"

ஹெனொவேவா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடற்பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் விடு. கடைசி அடிக்கு யாரும் 'நீ எடுத்துக்க'ன்னு உபசாரம் பண்ணிட்டு நிக்க மாட்டாங்க. சீக்கிரம் முடிஞ்சிடும்."